கிடேரி மலடுதானா?



"மூணு வயசு ஆயிடுச்சு சார், இன்னும் ஒரு தடவைகூட கத்தலே. மலடுதான், சந்தைக்கு ஓட்டிடலாம்னு இருக்கேன்" என்று கிடேரியைக் காட்டிச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சற்றுப் பொறுங்கள். கருப்பையில் கோளாறு இல்லாமலே மாடு பருவத்துக்கு வராமல் இருக்கலாம்.

மாட்டின் மூளைக்கு அடியில், மொச்சைக்கொட்டை மாதிரி, பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. மூளையிலிருந்து தாக்கீது வந்தால் எல்.எச். என்ற ஹார்மோனை அது இரத்தத்தில் விடும். அது போய்ச் சேர்ந்தால்தான் சினைப்பையில் முட்டை வெடிக்கும். மடையைத் திறந்தால்தானே வயலுக்குத் தண்ணீர்?

இந்தத் தாக்கீதில் தாமிரச் சத்துக்குப் பங்கு உண்டு. முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் முட்டை வெடிக்கும். ஆனால் அதன் இரத்தத்தில் கொஞ்சம் தாமிர உப்பை ஏற்றினால், இணை சேராமலே வெடித்துவிடுகிறது!

அதற்காக எல்லாப் பழியையும் தாமிரக் குறைவின் மேல் போட்டுவிடவும் முடியாது. 1987-இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில கிடேரிகளுக்குத் தீவனத்தில் இரும்பை அதிகமாக்கினார்கள். வேறு சிலவற்றுக்குக் கிலோ தீவனத்துக்கு 5 மில்லிகிராம் மாலிப்டினம் சேர்த்தார்கள். வெறும் தூசியளவுதான். இரண்டு வகையிலும் உடம்பில் தாமிரம் குறைந்தது. ஆனால் மாலிப்டினம் தின்றவற்றுக்குத்தான் எல்.எச். சுரப்பு தளர்ந்தது; பருவம் வாரக்கணக்கில் தள்ளிப்போனது; சினை பிடிப்பதும் குறைந்தது. ஆகவே குறைவு மட்டுமல்ல, வேண்டாதது மிஞ்சினாலும் கெடுதல்தான்.

நாம் முதலில் வயிற்றைக் கவனிப்போம். குடற்புழு மருந்து கொடுங்கள், பசுந்தீவனம் போடுங்கள். அரைவயிற்றுக் கிடேரிக்கு எந்த உப்பும் பலிக்காது. அப்புறம் தாது உப்புக் கலவை. வெறும் வைக்கோலில் தாமிரமும் துத்தநாகமும் போதாது. சாப்பாட்டு உப்பு அதற்கு ஈடாகாது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம். கிடேரிக்கு எடையைப் பொறுத்துக் கால்நடை மருத்துவர் சொல்வார். மறுநாளே பலன் தேடாதீர்கள். பருவம் 21 நாளுக்கு ஒரு சுற்று. சில மாடு கத்தாமல் ஊமையாகவே வந்து போகும். காலையிலும் மாலையிலும் கண்ணாடி மாதிரி ஒழுக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

தாமிரம்தானே என்று கடையில் மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், அது விஷம். மாட்டுக்கு வாங்கிய கலவையைச் செம்மறி ஆட்டுக்கும் வைக்க வேண்டாம். மாடு தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காது. ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று ஆளை அடித்துவிடும்.