பத்தே லிட்டர் தண்ணீர்

சென்னையின் மேற்குப் புறத்திலுள்ள நூம்பலைச் சுற்றியிருந்த கழனிகள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன என்றாலும், பூவிருந்தவல்லியைத் தாண்டித் திருவள்ளூர்ப் பக்கம் போனால், முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, ஒரு கையால் பிடியை ஆட்டி, மறு கையால் குழலை வீசிச் சேற்றில் கால் புதைய நடந்து, தாம் தெளிக்கும் விஷத்தைத் தாமே சுவாசிக்கும் மனிதரை இன்றும் காணலாம்.

அந்தச் சிரமத்தை இப்போது ட்ரோன் ஏற்றுக்கொள்கிறது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ட்ரோனுக்கு 10 லிட்டர். ஆம், பத்தே லிட்டர். ஒரு வாளித் தண்ணீர்! மின்விசிறியின் கீழே வைத்த பஞ்சாங்கத்தின் தாள்கள் புரள்வதுபோல, அதன் சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றில் இலைகள் புரண்டு, பூச்சி ஒளிந்திருக்கும் அடிப்புறத்திலும் மருந்து படிகிறது.

விலைதான் சாமானிய விவசாயிக்கு எட்டாதது. வாடகைக்கு அமர்த்துவதே உசிதம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் வழங்கும் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை மத்திய சர்க்கார் 2023-இல் அறிவித்ததும் இந்த உத்தேசத்தோடுதான்.

ஒன்று மட்டும்: காற்று பலமாக வீசும் வேளையில் தெளிக்கலாகாது, உங்கள் மருந்து அண்டைவீட்டார் கீரைப் பாத்தியில் போய் இறங்கிவிடும்.