விதியும் மேசை விதியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சூதாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன், "சூது பாவம், ஆடாதே" என்று நான் ஒரு பிரசங்கம் செய்யப் போவதாகச் சிலர் நினைக்கலாம். அந்த வேலை எனக்கு வேண்டாம். பாவமென்று சொல்லியதால் எந்தச் சூதாட்டமும் நின்றுவிடவில்லை. நான் சொல்ல வந்தது வெறும் கணக்கு.

தமிழிலே 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கின்றது. ஒன்று தலையெழுத்து, மற்றொன்று மனிதன் செய்து வைத்த சட்டம். சூதில் தோற்றவன் முதல் விதியை நொந்து கொள்ளுகிறான். அவனைத் தோற்கடித்ததோ இரண்டாவது விதி! இதற்குப் பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டம் நல்ல உதாரணம்.

அமெரிக்காவில் நெவாடா மாகாணம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அங்குள்ள லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்டக் கூடங்களில் இந்த ஆட்டம் பிரசித்தமானது. கைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், கூடத்தின் சார்பில் சீட்டுப் போடுகிறவருடைய தொகையைவிட அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10. ஆஸ் 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே ஆஸும் ஒரு பத்தும் சேர்ந்து வந்தால் அதுதான் பிளாக்ஜாக்; அதற்கு அதிகப்படிப் பணம் உண்டு.

கூடத்துக்காரருக்கு லாபம் எங்கிருந்து வருகின்றது? மந்திரமா, மாயமா? ஒன்றுமில்லை. ஆடுகிறவன் முதலில் சீட்டு வாங்கியாக வேண்டும். அவன் 21-ஐத் தாண்டினால் பணம் அப்பொழுதே போய்விடும். பிறகு சீட்டுப் போடுகிறவரும் தாண்டினாலும், போன பணம் போனதுதான். யார் முந்தி, யார் பிந்தி என்னும் இந்த ஏற்பாடே அவர்களுடைய வருமானத்துக்கு அஸ்திவாரம்.

1956-ல் அமெரிக்க ராணுவத்தில் பணி செய்த பால்ட்வின் முதலிய நால்வர், மேசைக் கணக்கு யந்திரங்களை வைத்துக் கொண்டே, எந்தச் சீட்டுக்கு எப்படி ஆடினால் நஷ்டம் மிகக் குறையும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1962-ல் எட்வர்ட் தார்ப் என்னும் கணித ஆசிரியர், வெளியான சீட்டுகளை எண்ணி வந்தால் கூடத்தையே ஜெயிக்கலாம் என்று புத்தகம் எழுதினார். கூடத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? யாகம் செய்தார்களா? ஜோசியரைக் கேட்டார்களா? இல்லை, தோழர்களே! 1964-ல் பந்தயத்தை இரட்டிப்பதையும், ஆஸ் ஜோடியைப் பிரித்து ஆடுவதையும் கட்டுப்படுத்தி விதியைத் திருத்தினார்கள். ஆட வருகிறவர்கள் குறையவே, சில வாரங்களில் பழைய விதிக்கே திரும்பினார்கள். எல்லாம் அதிர்ஷ்டமே என்றால், அதிர்ஷ்டத்தை விற்றுப் பிழைப்பவர்கள் எதற்காக விதியைத் திருத்த வேண்டும்?

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒருவன் கைக்கு 10 டாலராக 100 கை, அதாவது 1,000 டாலர் பந்தயம் வைத்துத் தப்பில்லாமல் ஆடுவதாக வைத்துக் கொள்ளுவோம். சீட்டு ஆறு கட்டு. சீட்டுப் போடுகிறவர் எந்த விதமான 17-லும் நிறுத்திவிட வேண்டும். ஜோடியைப் பிரித்த பிறகும் இரட்டிக்கலாம். பிளாக்ஜாக்குக்கு 10 டாலருக்கு 15 டாலர் கிடைக்கும். இந்த மேசையில் அவனுக்குச் சராசரி நஷ்டம் சுமார் 4 டாலர்.

இப்பொழுது ஒரு விதியை மாற்றுங்கள். ஆஸை 11-ஆக எண்ணி வந்த 17-ல் சீட்டுப் போடுகிறவர் இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும் என்று வையுங்கள். நஷ்டம் சுமார் 6 டாலராகிவிடும்.

அடுத்து, பிளாக்ஜாக்குக்கு 15 டாலருக்குப் பதில் 12 டாலர் என்று வையுங்கள். மூன்று டாலர்தானே என்று தோன்றும். ஆனால் பிளாக்ஜாக் சுமார் 21 கைக்கு ஒரு முறை வருகின்றது. எதிரிக்கும் அதுவே வந்து சமமாகிற கைகளைத் தள்ளினாலும், 100 கையில் நாலைந்து முறை மும்மூன்று டாலர் குறைகின்றது. நஷ்டம் சுமார் 20 டாலருக்கு ஏறிவிடும். நாலு இருபதாயிற்று! அதே ஆள், அதே ஆட்டம், அதே ஜாதகம்! மாறியது எது?

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். கட்டுகள் குறையக் குறைய ஆடுகிறவனுக்கு நல்லது என்பது உண்மை. எட்டுக் கட்டுக்கும் ஒரே கட்டுக்கும் நூற்றுக்கு அரை அளவு வித்தியாசம் உண்டு. இதைக் கேள்விப்பட்டவனைப் பிடிக்க, "இங்கே ஒரே கட்டு" என்று பெரிதாகப் போட்டு, 10-க்கு 12 என்பதைச் சிறிதாகப் போடுவார்கள். கட்டில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பணத்தில் பிடுங்கிக் கொள்ளுவார்கள்.

இதிலும் ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதி! பெரிய பந்தய மேசைகளில் 10-க்கு 15 இன்றும் இருக்கின்றது. சொற்பப் பணத்துடன் வருகிறவன் உட்காரும் மேசைகளில்தான் பெரும்பாலும் 10-க்கு 12. கொஞ்சம் வைத்திருப்பவனிடம் விகிதத்தில் அதிகம் பறிக்கப்படுகின்றது.

ஆனால் தோற்றவன் யார்மேல் கோபிக்கிறான்? கடைசி நாற்காலியில் இருப்பவன் தப்பான சீட்டை வாங்கித் தன் ராசியைக் கெடுத்துவிட்டான் என்று அவன்மேல் கோபிக்கிறான். மூடியிருக்கும் சீட்டு இன்னதென்று அறியாமல் வாங்குகிறவனால் கெடுதல் எவ்வளவு வருமோ, நன்மையும் அவ்வளவு வரும். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடுகிறவன், விதி எழுதியவனைக் கேட்கிறானா?

"அப்படியானால் நல்ல மேசையாகப் பார்த்து ஆடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் சொன்ன மேசைகளில் நல்லதிலும் 4 டாலர் நஷ்டம் என்பதை மறந்துவிடாதீர்கள். அதுவும் தப்பில்லாமல் ஆடுகிறவனுக்கு! ஒரு நாள் ஜெயிக்கலாம். ஆயிரக்கணக்கான கைகளில் கணக்குத்தான் ஜெயிக்கும்.

ஆகையால் தோழர்களே, எந்த விதமான ஆட்டமானாலும் உங்கள் தலையில் எழுதியிருப்பதைத் தேடாதீர்கள். மேசைத் துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதை எழுதியவன் யார், எழுதியதால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். அந்த மேசையில் உட்காருவதா, எழுந்து வீட்டுக்குப் போவதா என்பதை உங்கள் அறிவே சொல்லும் என்று கூறி, என் வார்த்தையை முடித்துக் கொள்ளுகிறேன்.