அளந்த பின்னரே வாங்குக
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசும் அறிஞர் பலர் இருக்கின்றனர். பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்து, ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நான், ஓர் எஞ்சினைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். பொறுத்தருள்க.

நம் தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வேலையிழந்த என் தந்தையார், கைக்கு வந்த தொகையில் ஒரு பழைய ஆட்டோரிக்ஷாவை வாங்கினார். சில மாதங்களிலேயே அது புகை கக்கியது. மேடு ஏற மறுத்தது. “பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும்” என்றார் பழுது பார்த்தவர். என் அன்னையார் தம் கைவளையல் இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்துப் புதிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கிப் பூட்டினோம். மூன்றே வாரத்தில் ரிங் உடைந்தது; சிலிண்டர் கீறிப்போயிற்று. வளையல்கள் பின்னர் மீட்கப்படவேயில்லை.

அப்போது எங்கள் வரிசை வீட்டில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராய் இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்த ரிங்கைக் கையிலெடுத்துப் பார்த்து, “தம்பி, பொன்னை நிறுத்துப் பாராமல் வாங்குவாயா? சிலிண்டரை அளந்து பாராமல் பிஸ்டனை ஏன் வாங்கினாய்?” என்று கேட்டார். பொன் விளைந்த ஊரில் பிறந்த எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது.

சிலிண்டர் எங்கும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். பிஸ்டன் மேலே சென்று திரும்புமிடத்தில் வெப்பம் மிகுதி, அழுத்தம் மிகுதி, எண்ணெய்ப் படலமோ மெலிது. ஆகவே முதல் ரிங் திரும்புமிடத்தில் தேய்வு கூடுகிறது. அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் ஒரு விளிம்பாய் நிற்கிறது. எங்கள் புதிய ரிங் அவ்விளிம்பில் மோதியே உடைந்தது. மேலும், பிஸ்டன் சுவரில் பக்கவாட்டாய்ச் சாய்ந்து அழுத்துவதால், வட்டம் நாளடைவில் முட்டை வடிவாகிறது.

பெரியவர் மைக்ரோமீட்டரால் போர் கேஜைச் சரிசெய்துகொண்டு, விளிம்பின் கீழ், நடுவில், அடியில் என மூன்று உயரங்களில் அளந்தார். ஒவ்வோர் உயரத்திலும் பிஸ்டன் பின்னின் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை. ஆக ஆறு அளவுகள். வாயுத் துளைகள் உள்ள இடங்களைத் தவிர்த்தார். நான் தாளில் எழுதிக்கொண்டேன்.

சிலிண்டரின் மூல விட்டம் 57.00 மில்லிமீட்டர். மேலே குறுக்கில் 57.22, பின் திசையில் 57.14. நடுவில் 57.13, 57.08. அடியில் 57.04, 57.03. அதாவது மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு 0.18, வட்டம் கெட்ட அளவு 0.08. இரண்டு மூன்று தலைமயிரின் கனமே இருக்கும் இத்தேய்வுதான் ஒரு குடும்பத்தின் வளையல்களை விழுங்கியது!

“அப்படியானால் 0.25 கூடுதலான பிஸ்டன் வாங்கலாமா?” என்றேன். பெரியவர் தலையசைத்து மறுத்தார். தேய்வு பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே விழுந்திருந்தது. பழைய மையம் மாறாமல் போர் போட வேண்டுமாயின், மறுபக்கத்திலும் அவ்வளவே வெட்ட வேண்டும், 0.22 என்பது 0.44 ஆகிவிடும். ஆகவே 0.50 கூடுதல் அளவே தக்கது என்றார். பிஸ்டனை வாங்கி, அதையும் அளந்து, தயாரிப்பாளர் குறித்த இடைவெளியை விட்டு, அதற்கேற்பப் போர் போடச் செய்தார். முதலில் அளவு, அடுத்துப் பிஸ்டன், அதன் பின்னரே போர். இவ்வரிசை மாறலாகாது.

கருவி இல்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு. ரிங் ஒன்றைச் சிலிண்டருள் கோணாமல் இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் மேலும் கீழும் அளக்க வேண்டும். வேறுபாட்டை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு தெரியும். எங்கள் சிலிண்டரில் அவ்வேறுபாடு 0.45, வகுத்தால் ஏறத்தாழ 0.14. வட்டம் கெட்டதை இது காட்டாது. ஆயினும் கடைக்கு ஓடும் காலைத் தடுத்து நிறுத்தும். முலாம் பூசிய இக்காலச் சிலிண்டர்களுக்கு இம்முறையில் போர் போடலாகாது என்பதையும் நினைவிற்கொள்க.

அன்பர்களே! எஞ்சினின் வரலாறே அளவின் வரலாறுதான். 1769-இல் காப்புரிமை பெற்றும், நல்ல உருளை கிடைக்காமல் பல ஆண்டுகள் தவித்தார் ஜேம்ஸ் வாட். பீரங்கிக் குழாய் குடைவதில் வல்லவரான ஜான் வில்கின்சன் குடைந்து கொடுத்த பின்னரே, 1776-இல் வாட்டின் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனமளவுகூடப் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் வியந்தெழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே நம் முன்னோரை இறக்கி ஏற்றியது இரும்புக் கயிறு. அதைச் சோதித்துப் பாராமல் கூண்டில் ஆளேற்ற முடியுமா? அளந்து பிழைத்த மக்களின் வழிவந்தவர் நாம்.

அலுவலகத்தில் சாமான்கள் கேட்டு வரும் தாள்களைப் பார்க்கையில், அளவு குறித்த கட்டத்தையே என் கண் முதலில் தேடுகிறது. அது அப்பெரியவர் தந்த பழக்கம். அவர் இன்று இல்லை. அன்று நான் ஆறு அளவுகளை எழுதிய தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களே! ஏழையின் வண்டி உங்கள் கைக்கு வருமாயின், கடைச்சீட்டு எழுதுமுன் அளவுச்சீட்டு எழுதுங்கள். அவ்வீட்டிலும் ஓர் அன்னையின் கையில் இரண்டு வளையல்கள் இருக்கக்கூடும்.