பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆவணக் காப்பகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆவணக் காப்பகக் குழுவைப் பேச அழைத்த செயற்குழுவுக்கு முதலில் நன்றி கூறுகிறோம். எமது குழுவில் சம்பளம் பெறுபவர் எவரும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டுப் பொறுப்புகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வருபவர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் எனச் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். பழைய விடுதியில் ஓர் அறை, இரண்டு அலுமாரி, ஒரு ஸ்கானர், ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் எமது காப்பகம்.

நூறு ஆண்டு கண்ட சங்கத்தின் பழைய பதிவுகளை ஏன் தேடித் திரிய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிள்ளையையும் வயோதிபரையும் கூட்டிக்கொண்டு மழைக்குள் நடந்தவர்கள், சுவரில் மாட்டிய படத்தையும் தூக்கி வந்திருக்க முடியுமா? விட்டுவந்தவற்றைக் கறையானும் ஈரமும் பார்த்துக்கொண்டன.

இவற்றுக்கெல்லாம் தப்பியவை பெரும்பாலும் பாடசாலையில் இல்லை. உங்கள் வீடுகளில் இருக்கின்றன. பரிசுத்தின நிகழ்ச்சிநிரல், விடுதியிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதம், கையெழுத்துப் புத்தகம், தையல் பாடக் கொப்பி என்று ட்ரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. "உந்தப் பழசுகளை வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டபடியே அவற்றை எடுத்துத் தந்த அக்காமார் பலர். அவர்களுக்கு எமது நன்றி.

ஆனால் பொருள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. வலைப்பந்தாட்ட அணியின் படம் ஒன்று எம்மிடம் வந்தது. முகங்கள் தெளிவாக இருந்தன. பின்பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை மட்டுமே இருந்தது; ஆண்டு இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. எத்தனை நல்ல ஸ்கானர் இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் யார் என்று அது சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர் மறையும்போது ஒரு வகுப்பின் பெயர்கள் அவரோடு போய்விடுகின்றன. இன்று எமக்கிருக்கும் பெரிய அவசரம் இதுதான்.

ஆகவே படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இலக்கம் இட்டு, அக்காமாரின் வீடுகளுக்கே போகிறோம். அனுமதி கேட்டு அவர்களின் குரலைப் பதிவு செய்கிறோம். ஒரே முகத்துக்கு இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு குறித்து வைக்கிறோம். இப்படிப் போன இடமொன்றில், விடுதிப் படத்தின் ஓரத்தில் பாதி மறைந்து நின்ற பெண்ணைக் காட்டி, "இவதான் எங்களுக்குச் சமைச்சுத் தந்தவ" என்றார் ஓர் அக்கா. பரிசுத்தின அறிக்கைகளில் அதிபரும் பிரதம விருந்தினரும் இருப்பார்கள். சமைத்தவரும் மணி அடித்தவரும் இருப்பதில்லை. அந்த அம்மாவின் பெயர் இன்று எமது பட்டியலில் இருக்கிறது.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடுவீர்களா என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. சேர்விடாப்பில் பிறந்த திகதி, பெற்றோரின் தொழில், விலகிய காரணம் எல்லாம் இருக்கும். அவற்றைப் பொதுவில் வைக்கமாட்டோம். யுத்தகால அனுபவங்களைச் சொன்னவர்கள் "இப்போதைக்கு வேண்டாம்" என்றால், அந்தப் பதிவு பூட்டியே இருக்கும்.

வீட்டில் இருப்பவற்றைக் காப்பதற்கும் சில வார்த்தைகள். படத்தின் பின்னால் பேனையால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். கிழிந்த தாளுக்குச் செலோ ரேப் ஒட்ட வேண்டாம்; லமினேற் செய்யவும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் அப்படியே படமெடுங்கள். நனைந்த தாள்களை வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். எமக்கு அனுப்பும் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும்; கோப்பாக அனுப்புங்கள். மூலப் பிரதி உங்களிடமே இருக்கலாம்.

ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் இழக்கலாம் என்பதை எமது ஊர் பட்டு அறிந்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் வைக்கிறோம்: ஒன்று பாடசாலையில், ஒன்று சங்கத்திடம், ஒன்று வெளிநாட்டுக் கிளையொன்றிடம்.

தன்னார்வலர்களால் இதெல்லாம் ஆகுமா என்று ஐயுறுவோருக்கு எமது மண்ணிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமே, 1933 இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததுதான். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. வீட்டு அலுமாரியில் தொடங்கியது ஊரின் சொத்தானது.

சகோதரிகளே, நிதியுதவியை நன்றியோடு ஏற்போம். ஆனாலும் இந்த மலரை மூடியதும் உங்களிடம் வேண்டுவது ஒரு தொலைபேசி அழைப்பு. உங்களுக்குத் தெரிந்தவர்களில் வயதில் மூத்த அக்காவை, அல்லது உங்களுக்குப் படிப்பித்த ரீச்சரை அழையுங்கள். ஒரு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதில் நிற்பது யார்?" என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களை எழுதி எமக்கு அனுப்புங்கள். லண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் இணுவிலில் இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம்.

அடுத்த நூற்றாண்டு மலரைத் தயாரிக்கப் போகும் பிள்ளைகள் எம்மை அறியமாட்டார்கள். எமது படங்களைப் பார்த்து அவர்கள் பெயர் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.