தடமில்லாத கடியும் தாழ்ந்த இமையும்



திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நரம்பியல் வல்லுநர்கள் வந்து அமர்ந்திருக்கும் அவையில் ஒரு பொது மருத்துவனைத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உதறலும் இருக்கிறது. முன்வரிசையில் என் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தேர்வறையில் என்னைப் பார்த்த அதே பார்வை இப்போதும் மாறவில்லை.

அழைப்பிதழில் தலைப்பு 'தன்னெதிர்ப்பு நரம்பு–தசை நோய்கள்: புதிய சிகிச்சைகள்' என்று இருக்கிறது. அந்தக் கடனை முதலில் தீர்த்துவிடுகிறேன். தசைகள் சீக்கிரமே தளர்ந்துபோகும் மயஸ்தீனியாவுக்கு 2017இல் எக்குலிசுமாப், 2021 டிசம்பரில் எஃப்கார்டிஜிமோட் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் ஒரு வரிசையே வந்துவிட்டது. 1930களில் ஆல்பிரட் பிளாலாக் தொடங்கிவைத்த தைமஸ் அறுவை பற்றிய வழக்கை 2016இல் 126 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு முடித்துவைத்தது. ரிட்டுக்சிமாபை ஒரே ஒரு தடவை, 500 மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பலன் கண்ட ஸ்வீடன் ஆய்வு 2022இல் வந்தது. அந்த மருந்தின் உள்நாட்டுத் தயாரிப்பு 2007 முதலே நம் நாட்டில் கிடைக்கிறது என்பதால் நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அதுதான் என்பது என் கணிப்பு. மற்றபடி நம் நோயாளிகளில் பெரும்பாலோரை இன்றும் தாங்கி நிற்பவை பிரிடோஸ்டிக்மின், பிரட்னிசோலோன், அசதயோப்ரின் ஆகிய மூன்று மலிவு மாத்திரைகள். விரிவாகப் பேச அடுத்தடுத்த அமர்வுகளில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இருப்பது வேறு கவலை. மருந்து கொடுக்க நோயாளிகள் எங்கே?

2011 கணக்கெடுப்பில் நம் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223; அரியலூருடையது 7,54,894. சேர்த்தால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு 150 பேர் அளவில் மயஸ்தீனியாவோடு வாழ்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த இரண்டு மாவட்டங்களில் மட்டும் 200 பேர் இருக்க வேண்டும். இந்த அரங்கில் இருப்பவர்கள் தங்களிடம் மருந்து வாங்கும் மயஸ்தீனியா நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். 'எங்க பக்கம் அது அபூர்வம் சார்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். தேடாதவனுக்கு எல்லாமே அபூர்வம்தான்.

அந்த 200 பேர் எங்கே போனார்கள்? சிலர் கண் மருத்துவமனைக்கு. சிலர் 'வயசாயிடுச்சு' என்ற பெயரில் வீட்டுத் திண்ணைக்கு. சிலர் பக்கவாதம் என்று எழுதப்பட்டு ஆஸ்பிரினோடு. மிச்சமுள்ளவர்களில் சிலர் நம் பாம்புக்கடி வார்டின் கேஸ் ஷீட்டுகளில் இருக்கிறார்கள் என்பது என் வாதம். இதை நான் சொல்லத் தொடங்கியபோது நண்பர்கள் சிரித்தார்கள். ஓர் இதழுக்குக் கட்டுரையாக அனுப்பியபோது, மாவட்ட மருத்துவமனைப் பதிவேடுகளை நம்ப முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கோபமில்லை, பதில் மட்டும் இருக்கிறது.

மயஸ்தீனியாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி பாம்பு கொடுத்தது. 1963இல் தைவானில் சாங், லீ இருவரும் அந்த ஊர்க் கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தார்கள். தசையில் இருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் விடாத நஞ்சு அது. 1973இல் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் அதற்குக் கதிரியக்க அடையாளமிட்டு, மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் எவ்வளவோ குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு பாட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ரமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட, முயல்கள் தளர்ந்து விழுந்தன. தன்னெதிர்ப்பு நோய் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டாம். இன்றும் கதிரியக்க முறையில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யும் ஆய்வகம் அந்தக் கட்டுவிரியன் நஞ்சைத்தான் பயன்படுத்துகிறது. நரம்பியல் மாநாடுகளில் பாம்புக்கடிக்கு ஓர் அமர்வுகூட ஒதுக்காதவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி நம் வார்டுக்கு வருவோம். மக்காச்சோளக் காட்டுக் காவலுக்குப் போய்த் தரையில் படுத்தவர் விடியற்காலையில் இமை தொங்கி, பேச்சுக் குழறி வருகிறார். கடித்த தடம் இல்லை. கட்டுவிரியன் என்றுதான் நினைக்க வேண்டும். விஷமுறிவு மருந்தைத் தாமதிக்கக் கூடாது. இதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்தில்லை. இல்லாத கருத்தை என் தலையில் கட்டியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து நியோஸ்டிக்மின் பரிசோதனை. 0.6 மில்லிகிராம் அட்ரோபின் நரம்பில், 1.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மின் தசையில். பிறகு ஒரு மணி நேரம் கவனிக்க வேண்டும். கருவிழி எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது, பல்லுக்குப் பல் எவ்வளவு வாய் திறக்கிறது, மேலே பார்த்த பார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துக் குறிக்கிறோம். 'ஒரே மூச்சுல எண்ணுங்க' என்கிறார் செவிலியர். பன்னிரண்டில் அமுங்கிப்போன குரல் இருபதைத் தாண்டுகிறது, இமை எழுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாளில் 'இனம் தெரியாத பாம்புக்கடி' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம்.

என் கேள்வி இதுதான். கட்டுவிரியனின் நஞ்சு பெரும்பாலும் நரம்பு முனையையே சிதைக்கிறது. அங்கே அசிட்டைல்கோலினே வெளிவராதபோது நியோஸ்டிக்மின் எதைக் காப்பாற்றும்? கட்டுவிரியன் கடிக்கு அது இப்படித் துலக்கமாக வேலை செய்வதில்லை. வேலை செய்வது நல்லபாம்புக் கடிக்கு. அங்கேயோ பெரும்பாலும் கடிவாயில் வீக்கமும் வலியும் இருக்கும். தடமும் இல்லை, வீக்கமும் இல்லை, நியோஸ்டிக்மினுக்கு இமை எழுகிறது என்றால் அவர் யார்? 1934இல் கிரீனிச்சில் மேரி வாக்கர் மயஸ்தீனியா நோயாளி ஒருவருக்கு ஃபைசோஸ்டிக்மின் போட்டு இமையை எழுப்பினார். அந்தக் குடும்பத்து மருந்தைத்தான் நாமும் போடுகிறோம். எழுந்த இமைக்கு மட்டும் வேறு பெயர் வைக்கிறோம்.

'மயஸ்தீனியா ஒரே இரவில் வராதே' என்று என் மூத்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நோய் மெல்ல வரும். வெளிப்படுவது ஒரே இரவிலும் நடக்கும். காய்ச்சல் போதும். காய்ச்சலுக்குப் போட்ட ஜென்டாமைசின் ஊசி தாராளமாகப் போதும். மாலையானால் சோறு மெல்ல முடியாது, ஒன்று இரண்டாகத் தெரியும் என்று முந்தைய மாதங்களின் கதையை வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். நாம் கேட்பது பாம்பைப் பார்த்தீர்களா என்பதை மட்டும்.

'விஷமுறிவு மருந்து கொடுத்தோம், தேறினார், ஆகவே பாம்புதான்' என்பது இன்னொரு வாதம். கூடவே நியோஸ்டிக்மினும் கொடுத்தோமே, ஐயா.

படுக்கையோரப் பதிவிலிருந்து அறிவியல் வராது என்பவர்களுக்கு இலங்கையின் பேராதனையைக் காட்டுவேன். பூச்சிமருந்து குடித்துத் தேறி வந்தவர்கள் இரண்டாம் மூன்றாம் நாளில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் மூச்சடைத்துப் போவதை சேனநாயக்கவும் கரல்லியத்தவும் கவனித்தார்கள். பத்து நோயாளிகள்தான், 1987இல் எழுதினார்கள். அதை இன்று உலகமே படிக்கிறது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, மயஸ்தீனியா மூன்றும் நரம்பும் தசையும் சேரும் ஒரே இடத்தில் கைவைக்கின்றன. மூன்றையும் பார்க்கும் வார்டு சென்னையைவிட நமக்கே அதிகம் வாய்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை.

கணக்கெடுப்பால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. போலியோவை ஒழிக்க 1997 முதல் குழந்தைகளின் திடீர்த் தளர்வாதம் அனைத்தையும் அறிவிக்கச் சொன்னார்கள். அந்த வலையில் கில்லன்–பாரே நோயும் சிக்கி எண்ணப்பட்டது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு வலை இல்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. வலை கிடைத்துவிட்டது, சிக்குவது எல்லாம் பாம்புதானா என்று பார்க்க வேண்டியது நாம்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. தடமும் வீக்கமும் இல்லாமல் நியோஸ்டிக்மினுக்கு இமை எழுந்த ஒவ்வொருவரையும் ஒரு மாதம் கழித்து, மாலை நேரத்தில் திரும்ப வரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை இறங்கினால் ஏற்பி எதிர்ப்பொருளுக்கு ரத்தம் அனுப்புங்கள். இல்லை என்று முடிவு வந்தாலும் விட்டுவிடாதீர்கள். கண்ணோடு நிற்கும் நோயில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அது தென்படும். பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டிப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.