துவிச்சக்கர வண்டியில் தீவகம்

பிறநாடு காணப் புறப்படுவோர் துவிச்சக்கர வண்டியை நம்பிச் செல்வது புதுமையன்று. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார் 1884 ஆம் ஆண்டில், பெரிய முன்சில்லுடைய பழைய வண்டியொன்றில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, 1886 டிசம்பரில் யொக்கோகாமாவை அடைந்தார். இக்காலத்தில் அத்தகைய துணிவு வேண்டுவதில்லை. வண்டியும் வழிகாட்டியும் கூலிக்குக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்கும் வெளிநாட்டார் இவ்வாறே வழிகாட்டியின் பின்னே வரிசையாகச் செல்கின்றனர்.

நிலம் சமதரையாதலால் ஏற்றமென்பது இல்லை. ஆயின், பண்ணைப் பாலத்தில் இருமருங்கும் கடலிருக்க, ஆனி ஆடி மாதங்களில் சோழகக் காற்று எதிர்த்து வீசும்போது, மலையேறிப் பழகியவரும் இறங்கி வண்டியை உருட்ட நேரும். அப்பால் வேலணை. இத்தீவுக்கு ஒல்லாந்தர் லெய்டன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரை இட்டனர். ஒல்லாந்திலிருந்து வரும் பயணி அப்பெயர்களைக் கேட்டு மகிழ்வது இயல்பே. வழிகாட்டிகளும் அம்மகிழ்ச்சியை அறிந்து, நயினாதீவின் கோயிலையும் விகாரையையும், நெடுந்தீவின் குதிரைகளையும், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தையும் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிடுகின்றனர்.

இடையில் உள்ளது புளியங்கூடல். சரவணைக்கும் நாரந்தனைக்கும் அண்மையிலுள்ள சிற்றூர். பனைகளும் ஒழுங்கைகளும் அம்மன் கோயிலுமன்றி, பயணநூல்கள் புகழும் பொருள் யாதும் ஆங்கில்லை. ஆகவே வண்டிகள் நில்லாது ஓடுகின்றன. ஓடும் வண்டியிலிருந்தும் சில கண்ணிற் படும்: கூரை சரிந்த நாற்சார் வீடு, படலையற்ற வளவு, முற்றத்தில் முளைத்து வளர்ந்த மரம். பயணி அதனையும் ஒல்லாந்தர் காலத்து இடிபாடென எண்ணிப் படம் பிடித்துக்கொள்கிறார். அவ்விடத்தில் வழிகாட்டி வாய் திறவாதிருப்பது குறையேயாகும். 1990 களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். மீண்டவர் சிலர், கடல்கடந்து போனவர் பலர். இடிந்துகிடக்கும் வீட்டின் உறுதியை இன்றும் பெட்டியில் வைத்துக் காப்பவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருத்தல் கூடும். கோட்டையின் வரலாற்றை 1658 இலிருந்து ஒப்புவிப்பவருக்கு இதனைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

ஊரை அறிந்த வழிகாட்டி வேறுவிதம் செய்வார். ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பி, ஒரு படலையில் நின்று, "ஆச்சி, குடிக்கக் கொஞ்சத் தண்ணி தாருங்கோ" என்று கேட்பார். செம்பில் வரும் நீர் எளிய பொருளன்று. சுண்ணக்கல் நிலத்தில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவர்த்துப்போகும். தீவகத்தில் நன்னீர்க் கிணறு எங்கேயுண்டு என்பதைப் பொறுத்தே மக்களின் நடையும் சுமையும் அமைந்துள்ளன. இவ்வுண்மையை ஒரு செம்பு நீர் விளக்குவதுபோல் எந்த வழிகாட்டி நூலும் விளக்காது. பின்பு கிணற்றடியில் முகங்கழுவ முனையும் பயணியைத் தடுப்பதும் அவ்வழிகாட்டியின் கடனே.

மாலையில் ஊர்காவற்றுறையை அடைந்தால், வண்டியை உருட்டிப் 'பாதை'யில் ஏற்றிக் காரைநகருக்குக் கடக்கலாம். மிதவைப் படகுக்கு அப்பகுதி மக்கள் வழங்கும் பெயர் அது. கடக்கும்போது நீர்நடுவே கடற்கோட்டையின் மதில் தோன்றும். ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது அதனுள்ளிருந்த போர்த்துக்கேயர் பணிந்தது குடிநீர் இன்மையாலேயாம்.