சிலம்பில் சாபமும் பேரமும்



உத்தமபாளையத்தில் கூடும் இலக்கிய அவை அணங்கையும் மோகினியையும் பற்றிப் பேசத் தயங்க வேண்டுவதில்லை. ஊரை அடுத்த திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரும் அங்கே உண்டு. அந்தப் பாறையைச் சார்ந்தே கருப்பணசாமி கோயில் கொண்டுள்ளார். ஆசையை வேரோடு அறுக்கச் சொன்ன சமயமும், இன்னது நடந்தால் இன்னது தருகிறேன் என்று நேர்ந்துகொள்ளும் வழிபாடும் ஒரே கல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. தெற்கே கூடலூருக்கு மேல் வண்ணாத்திப்பாறை மலையில், சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் திரண்டு ஏறும் மங்கலதேவி கண்ணகி கோயில். மதுரையை எரித்தபின் வையைக் கரை வழியே நடந்த கண்ணகி ஏறிய நெடுவேள் குன்றம் இதுவே என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் நிறுவ முயன்றார். அக்குன்றம் திருச்செங்கோடு எனக் கொண்டாரும் உண்டு. எதுவாயினும், கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அவள் இந்த மலைக்கு வந்தவள்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுக் கதையை வாயாலேயே நடத்திச் செல்வார்கள். இவ்வகை ஆட்டங்களில் வனதேவதைகளோடு பேரம் பேசும் கட்டம் வந்தால் ஆடுவோர் விழிப்பாகிவிடுவார்கள். வாக்குக் கொடுக்கும்போது ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சொல்லே வந்து பிடிக்கும். சாபத்துக்குக் காலவரை உண்டா, விலக்கு உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவன் கெட்டான். புதுமை என்று இளைஞர் கொண்டாடும் இந்த நுட்பம் இளங்கோவடிகளிடம் முழு வளர்ச்சி பெற்றிருக்கிறது. 1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் தந்ததிலிருந்து கற்பு, ஊழ், அரசியல் என்ற மூன்றைச் சுற்றியே பேச்சு சுழல்கிறது. வழியில் குறுக்கிடும் தெய்வங்களை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கியது பிழை.

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் வழிகளைச் சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால் குன்றம். அங்கே ஒரு பிலம். அதனுள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் ஆடினால் இந்திரன் செய்த நூலறிவு கிட்டும். பவகாரணியில் ஆடினால் முற்பிறப்பு தெரியும். இட்டசித்தியில் ஆடினால் நினைத்தது கைகூடும். அந்த வாயிலில் வரோத்தமை என்பாள் தோன்றிப் புதிர் போடுவாள்: இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இரண்டும் கடந்து நிலைத்து நிற்பது எது? விடை சொன்னவர்க்கு அவள் உரியவள், கதவும் திறக்கும். உள்ளே இன்னொருத்தி இறுதியில்லா இன்பத்தைப் பற்றிக் கேட்பாள். விடை தெரியாவிட்டால்? துன்பம் ஒன்றும் செய்யேன், நெடுவழியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்கிறாள். கிரேக்கக் கதையின் ஸ்பிங்ஸ் விடை தெரியாதவனைக் கொன்றது. அழகர்மலைப் பெண்ணோ தோற்றவனை வழியனுப்பி வைக்கிறாள். தண்டனையே இல்லாத புதிர்!

இவ்வளவு நயமான பேரத்தைக் கவுந்தியடிகள் ஏற்கவில்லை. மூன்று பொய்கைக்கும் மூன்று மறுமொழி வைத்திருக்கிறார். இந்திர நூலின் பொருள் எம் ஆகமத்தில் உண்டு. முற்பிறப்பின் வினை இப்பிறப்பிலேயே தெரிகிறது. வாய்மை வழுவாது உயிர்களைக் காப்பவர்க்கு எய்தாத பொருள் எது? திருக்குணகிரியில் உறைந்த துறவியரும் இதையே சொல்லியிருப்பர். தருக்கத்தில் குறையில்லை. ஆனால் அந்த இரண்டாம் மறுமொழியைப் படிப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பவகாரணியில் ஒருமுறை மூழ்கியிருந்தால் கோவலனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அதைக் கட்டுரை காதை வரை இளங்கோ மறைத்து வைக்கிறார்.

அடுத்து வனசாரிணி. நீர் பருகக் கரையில் நின்ற கோவலன் முன் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வந்து, காலில் விழுந்து அழுகிறாள். அவன் நெஞ்சின் எந்த இடம் இன்னும் ஆறவில்லை என்பதை அறிந்து அங்கேயே தொடுகிறது தெய்வம். மறையோன் முன்பே எச்சரித்திருந்ததால் கோவலன் பாய்கலைப் பாவையின் மந்திரத்தைச் சொல்லுகிறான், வேடம் கலைகிறது. பிடிபட்ட தெய்வம் ஒன்றே ஒன்று கேட்கிறது: தன் செயலைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்ல வேண்டாம் என்று. மயக்க வந்தவள் இரு பெண்களுக்கு அஞ்சுகிறாள். கோவலன் தாமரை இலையில் நீர் கொண்டு திரும்பினான். அவன் அதைச் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை. புகாரில் எத்தனையோ தவறிய கோவலன் ஒரு காட்டுத் தெய்வம் கேட்டுக்கொண்டதைக் காத்தான் என்றே கொள்ளலாம்.

இனிச் சாபங்கள். மூன்று சாபங்களை இளங்கோ அமைத்திருக்கிறார். மூன்றின் சொற்கட்டும் வேறு வேறு.

முதலாவது கவுந்தியினுடையது. கோவலனும் கண்ணகியும் தம் மக்கள் என்று அடிகள் சொல்ல, ஒருவயிற்றுப் பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வதுண்டோ என்று எள்ளினர் சோலையில் எதிர்ப்பட்ட இருவர். முள்காட்டு முதுநரியாகுக என்றார் அடிகள். நரிகளின் ஊளை கேட்டதும் நடுங்கியவர்கள், இழிவுசெய்யப்பட்ட அந்த இருவருமே. அறியாமல் செய்தனர், உய்யும் காலம் உரைத்தருள்க என்று வேண்டினர். உறையூர் மதிற்புறத்துப் பன்னிரண்டு மாதம் அலைந்தபின் பழைய உருப்பெறுக என்று எல்லை வகுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பரிந்து பேசினால் சாபத்துக்குக் கரை கட்டலாம் என்பது இங்கே விதி.

இரண்டாவது நீலியினுடையது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் பகை. சங்கமன் என்னும் வணிகன் மனைவி நீலியுடன் சிங்கபுரத்தில் மறைந்து பொருள் விற்றான். அரசன் பணியாளனான பரதன் அவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுக்க, அவன் கொலையுண்டான். நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர்விடும்போது, தமக்கு இத்துயர் செய்தவர் இதே துயரை அடைக என்றாள். அந்தப் பரதனே கோவலன். பவகாரணி காட்டியிருக்கும் முற்பிறப்பு இதுதான்.

நீலியின் சாபத்தில் காலவரை இல்லை, விலக்கும் இல்லை. எல்லை கேட்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தாம் பட்ட துயர் என்பதில் கொலையுண்ட கணவன் மட்டுமா, அனாதையாய் நின்ற மனைவியும் அடக்கம். பரதனுக்குக் கேட்ட தண்டனையோடு, தன்னைப் போலவே தெருவில் அரற்றப்போகும் இன்னொரு பெண்ணையும் அவள் அறியாமலே கேட்டுவிட்டாள். ஒரு வினையும் செய்யாத கண்ணகி அந்த இடத்தில் வந்து நின்றாள். பதினான்கு நாளும் மலையும்கூட மாறாமல் வந்தன.

மூன்றாவது கண்ணகியினுடையது. தீக்கடவுள் பார்ப்பன வடிவில் வந்து, இந்நகரை எரிக்க முன்பே ஏவல் பெற்றேன், இங்கே பிழைக்க வேண்டியவர் யார் என்று கேட்கிறது. எரிக்க வந்த தீ விலக்குக் கேட்கும் இந்த இடம் காப்பியத்தின் உச்சங்களில் ஒன்று. கண்ணகி வரிசைப்படுத்துகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள், இவரை விட்டுத் தீயவர் பக்கம் சேர்க. இப்பட்டியல் போதுமானதா என்று வாதிடலாம். அன்றைய சமூகத்தின் முத்திரையும் அதில் உண்டு. ஆனால் சினத்தின் உச்சியில் ஒருத்தி சொற்களை எண்ணிப் பேசினாள் என்பதை மறுக்க முடியாது. நீலியின் கதையை அவள் அப்போது அறியாள். மதுராபதித் தெய்வம் அதைச் சொன்னது பின்னர்தான். முன்வர அஞ்சிப் பின்புறமாய் வந்து, பாண்டியன் நீதியையும் பழவினையையும் எடுத்துரைத்துத் தீயிலிருந்து நகருக்கு விடுதலை பெற்றது அந்தத் தெய்வம். எல்லையற்ற சாபத்தால் அழிந்தவள் எல்லையுள்ள சாபத்தை இட்டாள். கேட்டதும் அதைத் தளர்த்தவும் செய்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்று. உரைபெறு கட்டுரை விடுவதில்லை. பாண்டிய நாடு மழையிழந்தது. வறுமையும் வெப்பு நோயும் சூழ்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கையைத் தணிக்கப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தான், மழை பொழிந்தது. நீர்ப்படைக் காதையில் மாடலனும் இதைச் சொல்கிறான். ஒரே பகலில் நடந்ததாம். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். கண்ணகி தீயவர் பக்கம் என்றாளேயொழிய, ஒரு தொழில் செய்வார் அனைவரும் என்று சொல்லவில்லை. அவள் உயிர்ப்பலி கேட்டதாகவும் காப்பியத்தில் எங்கும் இல்லை. கேட்காத விலையை அரசன் தானே நிர்ணயித்தான். தன் கழுத்தையன்று, பிறர் கழுத்தை வைத்துப் பேரத்தை முடித்தான். அணங்கும் வனசாரிணியும் வரோத்தமையும் மீறாத வரம்பை மனிதன் மீறிய இடம் இது. உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதை மழை பெய்த செய்தியாகவே கடந்து போகின்றனர்.

இந்த உரைபெறு கட்டுரை நூலின் முகப்பில், மங்கல வாழ்த்துக்கும் முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. கண்ணகியின் திருமணத்துக்கு வருமுன்பே படிப்பவர் அந்த ஆயிரம் பேரைக் கடந்தாக வேண்டும். நூலின் மறுகோடியில், வாழ்த்துக் காதையில், வஞ்சியில் தெய்வ வடிவோடு தோன்றும் கண்ணகி, தென்னவன் தீதிலன், தான் அவன் மகள் என்கிறாள். தன் கணவனைக் கொல்வித்த மன்னனை மன்னிக்க அவளுக்குச் சொல் இருக்கிறது. பொற்கொல்லர் ஆயிரவரைப் பற்றி அவள் வாயில் இளங்கோ ஒன்றும் வைக்கவில்லை.